ஆறாவது கையெழுத்து

பன்னிரண்டு வாரக் களப்பயிற்சிக்கு என்னைக் கண்டிக்குப் பக்கத்தில் ஒரு குடும்பநல அலுவலகத்துக்கு அனுப்பினார்கள். அலுவலகத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் சண்டைக்கு வருவார்கள். எனக்கும் சண்டை பிடிக்கும், ஆகவே கதை பாதியில் நின்றுவிடும். பல்கலைக்கழகத்தில் எனக்கு அது மூன்றாம் வருடம். சமூகப்பணிக்கு வாயடக்கம் வேண்டும் என்று எங்கள் விரிவுரையாளர் சொன்னபோதே என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

அலுவலகப் பொறுப்பாளர் ரபீகா மிஸ், கண்டி டவுன்காரர். கெட்டவர் இல்லை. அவர் தலையில் எழுபது கோப்புகள். வீடு பார்க்கப் போக ஒரே ஒரு வேன், அதுவும் பகல் பன்னிரண்டு வரைக்கும்தான். நான் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவள் என்று கேட்டதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"தோட்டத்துப் புள்ளயா? அல்ஹம்துலில்லாஹ்! எங்களக் கண்டா வாயத் தொறக்க மாட்டாங்க. உங்களோட பேசுவாங்க."

பேசினார்கள். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

வீட்டில் பாதுகாப்பில்லை என்று தோன்றும் பிள்ளையைச் சிறுவர் விடுதியில் சேர்க்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று நீதிமன்றம். அதற்குச் சாட்சி வேண்டும், அறிக்கை வேண்டும், தவணை தவணையாக அலைய வேண்டும். மற்றது சம்மதப் படிவம். பெற்றவர் தாமாகவே கையெழுத்திட்டால் அன்றைக்கே வேலை முடிந்தது. நான் வந்த ஐந்து வாரத்தில் ஐந்து கையெழுத்து வாங்கிக் கொடுத்தேன். படிவத்தை நீட்டி, "இதுல ஒரு கையெழுத்து வேணும்" என்பேன். அவ்வளவுதான். தோட்டத்து ஆபீசிலிருந்து எந்தக் கடுதாசி வந்தாலும் என் அப்பா எங்கே போட வேண்டும் என்று கேட்பார், எதற்கு என்று கேட்கமாட்டார். மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வரும் தாள் எங்கள் ஆட்களுக்கு உத்தரவு. அது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் நீட்டினேன். "அஞ்சே நிமிசத்தில முடிச்சிட்டீங்களே" என்று ரபீகா மிஸ் தட்டிக்கொடுத்தபோது பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

ஆறாவது கோப்பு வீரையாவுடையது. வத்தேகமப் பக்கத் தோட்டம். மனைவி குவைத்தில் வீட்டுவேலை செய்கிறார். பதின்மூன்று வயது மகள் நிரோஜினி அப்பாவோடு இருக்கிறாள். ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு வேனில் போனோம். பிள்ளை காய்ச்சலில் தனியாகப் படுத்திருந்தது, கதவு திறந்து கிடந்தது. ரபீகா மிஸ் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். தாய் வெளிநாடு. தந்தை பகலில் இல்லை. ஒற்றை அறைக் காம்பரா. பெண் பிள்ளை. தந்தையின் கவனிப்பு போதாது.

பத்து மணிக்கு எந்த லயத்தில் ஆள் இருக்கும்? எல்லாரும் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டு நிற்பார்கள். பாயின் தலைமாட்டில் மூடி வைத்த கஞ்சிச் சட்டி இருந்தது. பக்கத்துக் காம்பரா ராக்கம்மா அக்கா வைத்துவிட்டுப் போனதாகப் பிள்ளை சொன்னாள். கஞ்சியை எழுத அந்தப் படிவத்தில் இடமில்லை. நானும் எழுதவில்லை.

அடுத்த திங்கட்கிழமை வீரையாவை வரச்சொல்லியிருந்தோம். தோய்த்த சட்டை, பையில் பேனா, கையில் மகளின் ஸ்கூல் பேக். கதிரையின் நுனியில் உட்கார்ந்தார். நிரோஜினி பின்னால் நின்றாள். கையெழுத்துப் போட்டால் மதியமே அவள் விடுதி வேனில் ஏற வேண்டும்.

"மிஸ், பாப்பாவோட உடுப்பெல்லாம் இதுல இருக்குங்க" என்று பேக்கை என்னிடம் தள்ளினார். "சீப்பு, ரிப்பன், எண்ணெய்ப் போத்தலும் வச்சிருக்கேன். இவளுக்கு எடது பக்கம் முடி சுருட்டிக்கிட்டு நிக்கும். தண்ணி தொட்டுச் சீவினாத்தான் சடை படியும். அங்க சீவிவிடுற ஆளுக்கிட்ட நீங்க கொஞ்சம் சொல்லிருங்க."

"நீங்களா சீவிவிடுறீங்க?"

"அவ அம்மா போயி நாலு வருசமாச்சு. பின்ன யாருங்க?"

கவனிப்பு போதாது என்று என் கையெழுத்தில் எழுதியிருந்த தாள் என் முன்னால்தான் கிடந்தது. அவர் பேனாவைத் திறந்துவிட்டார்.

"எங்கங்க போடணும்?"

படிவத்தின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினேன்.

"அண்ணே, இது உத்தரவு இல்ல. புள்ளயக் குடுக்குறீங்களான்னு கேக்குறாங்க. கேள்விதான். முடியாதுன்னும் சொல்லலாம்."

வீரையா என்னையும் ரபீகா மிஸ்ஸையும் மாறி மாறிப் பார்த்தார். "சொல்லலாமா?"

"சொல்லலாம்."

"சொன்னா பொலிஸ் வருமா?"

"கையெழுத்துப் போடலங்கிறதுக்காக ஒருத்தரும் வரமாட்டாங்க. அதுக்கு மேலயும் வேணும்னா இவங்க கோட்டுக்குப் போகணும். அங்க நீங்களும் பேசலாம்."

"இராஜகுமாரி!" ரபீகா மிஸ் எழுந்துவிட்டார். "நீங்க ட்ரெயினி. வெளிய போங்க."

"போறேன் மிஸ். அவர் பதில் சொல்லட்டும்."

வீரையா பேனாவை மூடிப் பைக்குள் செருகினார். எழுந்து நின்றார். "அப்ப முடியாதுங்க" என்றார் மெதுவாக. சொன்ன பிறகும் கூரை இடிந்து விழவில்லை. அது அவருக்கே ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும். இரண்டாம் முறை சத்தமாகச் சொன்னார். "எம் புள்ளயக் குடுக்கமாட்டேன்." நிரோஜினி மேசையிலிருந்த பேக்கை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

அவர்கள் போன பிறகு ரபீகா மிஸ் கோப்பை என் பக்கம் தள்ளினார். "நாளைக்கு அந்தப் புள்ளைக்கு ஏதும் நடந்தா யாரு பதில் சொல்ற? நீங்களா?"

அந்தப் பயம் பொய்யில்லை. அப்படி நடந்த வீடுகளின் கோப்புகளை நானும் படித்திருக்கிறேன்.

"சாயந்தரம் அஞ்சு மணிக்குப் போய்ப் பாப்போம் மிஸ். வேன் இல்லாட்டி பஸ்ஸுல போவோம். அப்பா வீட்டுல இருக்கிற நேரத்துல பாப்போம், பக்கத்துக் காம்பராவுலயும் கேப்போம். தப்பு இருந்தா கோட்டுக்குப் போங்க, நானே சாட்சி சொல்றேன்."

"உங்க பயிற்சி அறிக்கையில நான் சைன் வைக்கமாட்டேன். தெரியும்தானே?"

அது இல்லாமல் எனக்குப் பட்டம் இல்லை. தெரியும். பயமாகவும் இருந்தது.

"வைக்காதீங்க மிஸ். முடியாதுன்னு சொல்ல உங்களுக்கும் உரிமை இருக்கு."

கதவை இழுத்துச் சாத்திக்கொண்டு வெளியே வந்தேன். நடையில் கிடந்த வாங்குப் பலகையில் நாலைந்து பேர் காத்திருந்தார்கள். கேட்டுக்கொண்டுதான் இருந்திருப்பார்கள். ஆனாலும் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

"உள்ள குடுக்கிற தாள் உத்தரவு இல்ல. வாசிச்சுக் காட்டச் சொல்லுங்க. புடிக்கலன்னா போடாதீங்க. போட்டவங்களும் கையெழுத்தத் திருப்பிக் கேக்கலாம்."

கடைசியில் உட்கார்ந்திருந்த பெண் தலையைத் தூக்கினாள். மூக்காயி. தெல்தெனியப் பக்கம். விடுதியில் இருக்கும் மகனைப் பார்க்க அனுமதித் துண்டு வாங்க வந்திருந்தாள். நான் வாங்கிய ஐந்தாவது கையெழுத்து அவளுடையது.

"நான் போன கெழமையே போட்டுட்டேனே புள்ள" என்றாள். "நீதானே வாங்குன. அன்னைக்கு ஏன் இதச் சொல்லல?"

வாங்கில் இருந்த எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"தப்புப் பண்ணிட்டேன் அக்கா. எந்திரிங்க."

அவள் கையைப் பிடித்துக்கொண்டு, இப்போதுதான் சாத்திய கதவைத் தட்டாமலே திறந்தேன். ரபீகா மிஸ் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்.

"மிஸ், இவங்க போட்ட கையெழுத்தத் திருப்பி வாங்க வந்திருக்காங்க" என்றேன். "எங்கிட்ட கையெழுத்துப் போட்ட மத்த நாலு பேரையும் கூட்டிக்கிட்டு வருவேன்."