குளியலறையில் வைக்காத பாஸ்போர்ட்

என் கணவர் டுவைட்டுக்கு ஜெர்மனியிலுள்ள அமெரிக்க ராணுவ முகாமில் சிவிலியன் வேலை கிடைத்தது. இரண்டு பிள்ளைகளோடு அமெரிக்காவிலிருந்து அங்கே குடிபெயர வேண்டும். சரக்குப் போக்குவரத்து நிபுணராம். சீருடையைத் தொட்டதுகூட இல்லை. ஆனால் தன் பதவி கர்னலுக்குச் சமம் என்று தபால்காரரிடம்கூட அளந்துவிட்டார்.

சாமான் கட்ட வருகிறவர்கள் கண்ணில் பட்டதையெல்லாம் பெட்டியில் போட்டுவிடுவார்கள். அதனால் கையோடு கொண்டுபோவதைக் குளியலறையில் வைத்துப் பூட்டிவிடுவது இப்படி ஊர் மாறும் ராணுவக் குடும்பங்களின் வழக்கம். அதைத்தான் சொன்னேன்.

"எனக்கே பாடம் எடுக்கிறியா, லொரெய்ன்? டாங்கியையே கப்பல்ல ஏத்தப் போறவன் நான்!" என்று எங்கள் நால்வர் பாஸ்போர்ட்டையும் சமையல் மேடையிலேயே விட்டுவைத்தார்.

ஆட்கள் வந்து சாமான் கட்டிக்கொண்டு போன அன்று மாலையில் வீடு துடைத்துவிட்டாற்போல் கிடந்தது. பாஸ்போர்ட்கள் பெட்டிக்குள் போய்விட்டன. நிரம்பி வழிந்த குப்பைத்தொட்டியையும் குப்பையோடு கட்டி ஏற்றியிருந்தார்கள்.

"இப்ப என்ன பண்றது?" என்றார்.

"குப்பையோட குப்பையா நீங்களும் ஏறியிருந்தா, பாஸ்போர்ட் இல்லாமலே போய்ச் சேர்ந்திருக்கலாமே, கர்னல்!"