ஏற்றத்தில் தாவாத பொறி

1

இந்தக் கதை பிறந்தது வராமல் போன ஒரு கண்ணாடியால். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் யாராவது என்னைப் பற்றி, வண்டிகள்மீது அபாரமான ஈடுபாடு கொண்டவர் என்று எழுதிவைக்கக் கூடாது. எனக்கு வண்டியில் தெரிந்ததெல்லாம் கதவைச் சாத்துவது மட்டும்தான். அதையும் ஓங்கிச் சாத்துகிறேன் என்று எல்லோரிடமும் திட்டு வாங்குகிறவள் நான்.

என் எழுதும் மேசைக்கு எதிரே இருந்த ஜன்னல் உடைந்தது. மலைமேலிருந்து இறங்கி, அடிவாரத்துக் கண்ணாடிக் கடைக்குப் போய் அளவு சொல்லிவிட்டு வந்தேன். முதலில் அனுப்பிய கண்ணாடி ஏற்றத்தில் மூலை தெறித்துப்போனது. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்து கண்ணாடி வரவில்லை, அதை ஏற்றிவரும் பெண் வந்தாள். வெறுங்கையோடு வாசலில் நின்று சொன்னாள்:

“அக்கா, கண்ணாடி மேல தப்பு இல்ல. கடை மேலயும் இல்ல. என் வண்டி ஏத்தத்துல குலுங்குது. அதைச் சரி பண்ணாம உங்களுக்கு இன்னொரு கண்ணாடி ஏத்த மாட்டேன்.”

ஒருத்தி இப்படி வந்து நின்றால் எழுதுகிறவளுக்குக் கை அரிக்காமல் என்ன செய்யும்? அன்றே உட்கார்ந்து முதல் வரி எழுதிப் பார்த்தேன்.

[மலைப்பாதை ஒரு பாம்பைப் போல வளைந்து — வேண்டாம். எல்லார் கதையிலும் மலைப்பாதை பாம்பாகத்தான் வளைகிறது.]

[அந்த வண்டிக்குள் ஒரு ரகசியம் — ரகசியமும் இல்லை, மண்ணும் இல்லை. ரிப்பேர்தான் இருந்தது.]

[டர்போ வண்டி வாங்காதே என்று அண்ணன் அன்றைக்கே சொன்னான்.]

கடைசி வரி பரவாயில்லை. அதில் ஆள் இருக்கிறது, வம்பும் இருக்கிறது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

2

டர்போ வண்டி வாங்காதே என்று அண்ணன் அன்றைக்கே சொன்னான். கண்ணாடிக்காரி கேட்கவில்லை. (அந்தப் பாதையில் எல்லோரும் அவளை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். நானும் அப்படியே கூப்பிடுகிறேன்.)

அண்ணன் மெக்கானிக். அடிவாரத்தில் அவனுடைய ஒர்க்‌ஷாப்புக்கு வருவதெல்லாம் பழைய வண்டிகள். இரும்பு கனமாக இருக்கும், இன்ஜின் பெரிதாக இருக்கும், தட்டினால் கேட்கும். தங்கை வாங்கி வந்த பெட்ரோல் பிக்கப்பின் பானெட்டைத் திறந்து பார்த்து, புதுப் பிளக்கும் மாட்டிவிட்டு அவன் சொன்னது இதுதான்: “சின்ன இன்ஜினை அடிச்சு அடிச்சு பெரிய வேலை வாங்குறான். எத்தனை நாளைக்குத் தாங்கும்? பாரம் ஏத்தி மலை ஏறுனா வாயில நுரை தள்ளிடும்.”

சொன்னபடியே நடந்தது. சமதளத்தில் வெண்ணெய் மாதிரி ஓடுகிற வண்டி, பாரத்தோடு ஏற்றத்தில் கால் வைத்தால் திக்கியது. இழுத்து, விட்டு, இழுத்து, விட்டு. ஒவ்வொரு முறை விடும்போதும் பின்னால் சாய்த்து நிறுத்தியிருக்கும் கண்ணாடிகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். ரப்பர் வைத்துப் பார்த்தாள், கம்பளி வைத்துப் பார்த்தாள், கட்டை இன்னும் இறுக்கினாள். எதுவும் வேலைக்கு ஆகவில்லை.

அண்ணன் சளைக்காமல் பார்த்துக் கொடுத்தான். பெட்ரோல் ஃபில்டரை மாற்றினான். பிளக்குக்கு மின்சாரம் அனுப்பும் காயில்களை மாற்றினான். டர்போவுக்குப் போகும் குழாயில் காற்றுக் கசிகிறதா என்று சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தான். ஒவ்வொரு முறையும் கையோடு புது ஸ்பார்க் பிளக்கும் போட்டுவிடுவான். ஒர்க்‌ஷாப் வாசலில் வண்டியை ஸ்டார்ட் பண்ணி நிறுத்தி, தலையைச் சாய்த்துக் கேட்பான். சீராக ஓடும். “இதுக்கு மேல என் கையில இல்லம்மா. டர்போவே இப்படித்தான். வித்துட்டு வந்து நம்ம ஒர்க்‌ஷாப்ல உக்காரு. உனக்கென்ன தலையெழுத்து, மலை ஏறணும்னு?”

அவளுக்கு மலை ஏற வேண்டும். அதுதான் விஷயம். மேலே ஒரு ஆஸ்பத்திரி கட்டுகிறார்கள். ஆளுயர ஜன்னல்கள், வார்டு வார்டாக. அத்தனைக்கும் கண்ணாடி ஏற்றும் வேலையைக் கடை முதலாளி அவளுக்குத்தான் கொடுத்திருந்தார். என் ஜன்னலோடு சேர்ந்து ஆஸ்பத்திரியின் முதல் கண்ணாடியும் தெறித்தபோது, நல்ல மனிதர், குரலை உயர்த்தாமலே சொன்னார்: “இன்னொரு தடவை உடைஞ்சா நான் வேற வண்டி பாத்துக்கிறேம்மா. தப்பா நினைக்காத.”

வண்டி போனால் அவளுக்கு இருப்பது அண்ணனுடைய ஒர்க்‌ஷாப்பில் ஒரு நாற்காலி. அந்த நாற்காலியில் உட்காருவதற்குப் பிறக்கவில்லை என்று அவள் சின்ன வயதிலேயே முடிவு கட்டிவிட்டாள்.

3

[இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம் என்று நினைப்பவர்கள் தாண்டாதீர்கள். இது இல்லாமல் கதை நகராது.]

இன்ஜினுக்குள் பெட்ரோலும் காற்றும் கலந்து நிற்கும். அதற்குத் தீ மூட்டுவது பிளக்கின் வேலை. பிளக்கின் நுனியில் இரண்டு உலோக முனைகள், நடுவே நகக்கனத்துக்கு ஒரு இடைவெளி. மின்சாரம் அந்த இடைவெளியைத் தாவும்போது பொறி பிறக்கிறது. பழைய இன்ஜின்களில் இடைவெளியைக் கொஞ்சம் அகட்டிவைத்தால் பொறி பெரிதாக விழும், வண்டி நின்றிருக்கும்போது இன்ஜின் அழகாக ஓடும். டர்போ அப்படியல்ல. அது காற்றை அமுக்கி உள்ளே திணிக்கிறது. ஏற்றத்தில், பாரத்தோடு, இன்னும் அமுக்கித் திணிக்கிறது. அந்த நெரிசலில் அகன்ற இடைவெளியைப் பொறியால் தாவ முடியாது. தாவாத ஒவ்வொரு முறையும் இன்ஜின் ஒரு அடி தவறி, வண்டி குலுங்கும். மெக்கானிக்குகள் இதை மிஸ்ஸிங் என்பார்கள்.

ஒரு எச்சரிக்கை. இந்த இடைவெளியை அண்ணன் தங்கைக்கு நடுவில் இருக்கும் இடைவெளி என்று விளக்கி யாராவது கட்டுரை எழுதினால் நான் நேரில் வந்து சண்டை போடுவேன். இது பிளக்கின் இடைவெளி. அது வரும் அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருக்கும் அளவு.

4

இந்தப் பகுதியின் முதல் வடிவத்தில், அவள் நடு ஏற்றத்தில் வண்டியை ஓரம் கட்டி, ஆவி பறக்கும் இன்ஜினிலிருந்து பிளக்கைக் கழற்றுவதாக எழுதியிருந்தேன். காட்சி பிரமாதமாக வந்திருந்தது. அவளிடம் படித்துக் காட்டினேன். முதல் பத்தி முடிவதற்குள் சிரித்துவிட்டாள்.

“சூடா இருக்கும்போது யாருக்கா கழட்டுவா? பிளக் உக்கார்ற ஹெட்டு அலுமினியம். மரை உரிஞ்சு வந்துரும். அப்புறம் வண்டியைக் கயிறு கட்டித்தான் இழுக்கணும். நான் காலைலதான் கழட்டினேன். ஆறின இன்ஜின். என் வீட்டு வாசல்ல.”

ஆகவே காலை. வீட்டு வாசல். ஆறிய இன்ஜின்.

முதலாளி சொன்னதைக் கேட்டுவிட்டு வந்தவள் இரவெல்லாம் புரண்டு, ஒரு முடிவோடு எழுந்திருந்தாள். இதுவரை சந்தேகப்பட்ட எதையும் இனித் தொடுவதில்லை. யாரும் சந்தேகப்படாததை எடுத்துப் பார்ப்பது. யாரும் சந்தேகப்படாதது எது? பிளக். அதுதான் புதுசாயிற்றே, புதுசில் என்ன கோளாறு இருக்கப்போகிறது என்று எல்லோரும் விட்டிருந்தார்கள். அண்ணன் போட்டுப் பத்து நாள்கூட ஆகியிருக்காது.

பிளக்குகளைக் கழற்றி ஒரு பழைய துணியில் வரிசையாக வைத்தாள். கடையில் வாங்கிவந்த அதே ரகப் புதுப் பிளக்குகளில் ஒன்றை அட்டையிலிருந்து உருவிப் பக்கத்தில் வைத்தாள். அளக்கவே வேண்டியிருக்கவில்லை, கண்ணுக்கே தெரிந்தது. கழற்றியவற்றில் இடைவெளி அகன்றிருந்தது. தேய்ந்து அகன்றதா? தேய்மானம் என்றால் ஒன்று கூடவும் ஒன்று குறையவும் இருக்கும். இவை எல்லாமே அச்சில் வார்த்ததுபோல ஒரே அளவு. போதாததற்கு, ஒவ்வொன்றின் வளைந்த முனையிலும் குறடு கடித்த சின்னக் கீறல்.

அட்டையைத் திருப்பினாள். இடைவெளியை மாற்றக் கூடாது என்று படத்தோடு போட்டிருந்தது.

அவள் அப்படியே வாசல்படியில் உட்கார்ந்துவிட்டாள். அந்தக் கையை அவளுக்குத் தெரியும். எந்தப் பிளக்கானாலும் அண்ணன் அட்டையிலிருந்து எடுத்ததும் குறடால் ஒரு நெம்பு நெம்புவான். வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்ப்பான். “பொறி கொழுகொழுன்னு விழணும்” என்பான். அவனிடம் வேலை பார்த்தவர்கள் எல்லோரும் அதைச் செய்து காட்டிச் சிரிப்பதுண்டு.

5

இங்கே எனக்குச் சிக்கல் வந்தது. அண்ணன் என்ற பாத்திரத்தை என்ன செய்வது?

[அண்ணன், முதல் வடிவம். கைப்பழக்கம். எத்தனையோ வருடம் பழைய இன்ஜின்களை நெம்பி நெம்பிப் பழகிய கை. டர்போவுக்கு அது ஆகாது என்று அவனுக்குத் தெரியாது. ஒர்க்‌ஷாப் வாசலில் நிறுத்திக் கேட்டால் இன்ஜின் சீராகத்தான் ஓடுகிறது. பாரத்தோடு ஏறிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும், ஆனால் அவனுக்கு வளைவு ஆகாது, இரண்டாவது திருப்பத்திலேயே குமட்டும். பாவம்.]

[அண்ணன், இரண்டாம் வடிவம். தெரியும். தங்கை மலைப்பாதையில் தனியாகப் போவது அவனுக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை. சொல்லிப் பார்த்தான், கேட்கவில்லை. சரி, வண்டி சொல்லட்டும் என்று விட்டுவிட்டான். இவனும் கெட்டவன் இல்லை, பயந்தவன். ஆனாலும் —]

அந்த “ஆனாலும்”-க்குப் பிறகு எனக்கு வாக்கியம் வரவில்லை. இரண்டு அண்ணனையும் கண்ணாடிக்காரியிடம் படித்துக் காட்டினேன். இந்த முறை அவள் சிரிக்கவில்லை.

“எங்க அண்ணனைக் கெட்டவனா எழுதாதீங்கக்கா. பாவம்னும் எழுதாதீங்க” என்றாள்.

கெட்டவனும் இல்லாமல் பாவமும் இல்லாமல் ஒரு அண்ணனை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. ஆகவே நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

6

கழற்றியதையே திரும்ப மாட்டி, புதுப் பிளக்குகளை எடுத்துக்கொண்டு, வண்டியோடு அவள் அண்ணனுடைய ஒர்க்‌ஷாப்புக்கே போனாள். புதுசைச் சொந்த வாசலிலேயே மாட்டியிருக்கலாம். மாட்டியிருந்தால் அண்ணன் காதுக்கு விஷயம் வேறு வழியாகப் போயிருக்கும். அது கூடாது என்று நினைத்தாள். இன்ஜின் ஆறும்வரை காத்திருந்துவிட்டுக் கேட்டாள்:

“டார்க் ரெஞ்ச் குடுண்ணே. பிளக் மாத்தணும்.”

“இப்பதானே மாத்தினேன்? கொண்டா, நானே போடுறேன்.”

“நான் போடுறேன். நீ பாரு.”

அவள் முதல் அட்டையைப் பிரித்தாள். அண்ணனின் வலது கை தானாகக் குறடைத் தேடி எடுத்தது. இடது கை பிளக்குக்காக நீண்டது. அவள் அந்த மணிக்கட்டைப் பிடித்தாள்.

“தொடாத.”

“என்னடி?”

“இதை அப்படியேதான் போடணும்.”

“எந்தப் பிளக்கையும் அப்படியே போட்டு எனக்குப் பழக்கமில்ல. பாக்டரிக்காரன் நம்ம வண்டியைப் பாத்தா செஞ்சான்?”

அவள் அட்டையை அவன் கையில் கொடுத்தாள். அவன் திருப்பிப் படித்தான். படம் போட்ட இரண்டு வரியைப் படிக்க ஒரு மனிதனுக்கு அவ்வளவு நேரம் ஆகாது. அதற்குள் அவள் பழையதைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு புதுப் பிளக்கையும் கையாலேயே மரை பிடித்துச் சுற்றி இறக்கி, ரெஞ்சைப் போட்டு, இறுக்கம் போதும் என்று அது ‘டிக்’ அடிக்கும்வரை இறுக்கி முடித்திருந்தாள். அவன் இன்னும் அட்டையைப் பிடித்துக்கொண்டே நின்றான்.

[அவன் முகத்தில் என்ன இருந்தது என்று கேட்டேன். “கிரீஸ் இருந்துச்சு” என்றாள்.]

“நாளைக்கு ஆஸ்பத்திரிக்குக் கண்ணாடி ஏத்துறேன். முழு லோடு. நீயும் வா.”

“எனக்கு வளைவு ஆகாதுன்னு உனக்குத் தெரியும்.”

“வாந்தி வந்தா எடு. ஆனா வா.”

7

அவன் போனான்.

கண்ணாடிகள் பின்னால் நின்றன, ஒவ்வொன்றும் ஆள் உயரம். அண்ணன் மடியில் ஒரு பிளாஸ்டிக் பையோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். முதல் திருப்பம், இரண்டாவது திருப்பம். அவன் கண்ணை மூடிக்கொண்டான். தண்ணீர்த் தொட்டியைத் தாண்டினால் பாதை நிமிர்ந்து ஏறும். எப்போதும் அங்கேதான் திக்கும். கண்ணாடிக்காரி கியரைக் குறைத்து, காலை அழுத்தி, வாயை இறுக மூடிக்கொண்டாள். இங்கே ஒரு கண்ணாடி தெறித்தாலும் கடையும் போச்சு, வண்டியும் போச்சு என்று தெரிந்தேதான் அழுத்தினாள்.

டர்போவின் மெல்லிய சீழ்க்கை கேட்டது. வண்டி ஏறியது. விடவில்லை, குலுங்கவில்லை, ஒரே இழுவையாக இழுத்தது. பின்னால் கண்ணாடியின் சத்தமே இல்லை. அவளுக்கு அழுகை வந்தது. துடைக்கக் கை ஒழியவில்லை, அப்படியே விட்டாள்.

“நிறுத்து” என்றான் அண்ணன்.

“மேல போய் நிறுத்துறேன். முழுசும் கேளு.”

அவன் கண்ணைத் திறக்காமலே கேட்டுக்கொண்டு வந்தான். மேலே ஆஸ்பத்திரி வாசலில் வண்டி நின்றதும் இறங்கி ஓடி, மதிலோரமாகக் குடலே வெளியே வருவதுபோல வாந்தி எடுத்தான். வாய் கொப்பளித்துவிட்டு வந்து, சூடான பானெட்டின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றான்.

[முடிவு, அ: அவன், “எனக்குத் தெரியாம போச்சும்மா” என்றான்.]

[முடிவு, ஆ: அவன், “எனக்குத் தெரியும்மா” என்றான்.]

[முடிவு, இ: அவன், “டர்போ பரவாயில்ல” என்றான். அவள் சிரித்தாள். — இது எனக்குப் பிடித்திருந்தது. பிடித்திருந்ததாலேயே அடித்துவிட்டேன்.]

அவளுக்கு போன் செய்தேன். “உண்மையில என்னதான் சொன்னான்? தெரிஞ்சு செஞ்சானா, தெரியாம செஞ்சானா?”

“நான் கேக்கலக்கா.”

“அதெப்படிக் கேக்காம இருக்க முடியும்?”

“கேட்டா அவன் ஏதாவது ஒண்ணு சொல்லணும். தெரியாம செஞ்சேன்னு சொன்னா, இத்தனை வருஷ வேலை அவன் கையை விட்டுப் போயிரும். தெரிஞ்சு செஞ்சேன்னு சொன்னா எனக்கு அண்ணன் போயிருவான். ரெண்டுல எதையும் நான் விடுறதா இல்ல. அதான் கேக்கல.”

“அடுத்த தடவை பிளக் எங்க மாத்துவ?”

“அவன்கிட்டதான். மாத்துறது நான். பக்கத்துல நிக்கிறது அவன். சரிக்கா, வளைவு வருது, வைக்கிறேன்.”

அவள் கேட்காத கேள்விக்கு நான் பதில் எழுதுவது நியாயமில்லை. எழுதப்போவதில்லை. மூன்று முடிவுகளும் மேலே இருக்கின்றன. நான் அடித்த முடிவும் தெரிகிறது. இவ்வளவு தூரம் வந்த உங்களுக்கும் ஏதோ ஒன்று உறுதியாகப் பட்டிருக்கும். அதையே வைத்துக்கொள்ளுங்கள். அவளிடம் மட்டும் போய்ச் சொல்லாதீர்கள்.