நல்லமுத்து கிணற்றில் விழுந்த பிறகு

செங்கல்பட்டிலிருந்து பதினொரு வருடமாக வந்துகொண்டிருந்த ‘கட்டமும் கோடும்’ என்ற காலாண்டிதழ், காமிக்ஸ் விமர்சனத்துக்காக மட்டுமே நடத்தப்பட்டது. அதில் படம் கிடையாது. படம் போட்டால் வாசகன் படத்தைப் பார்த்துவிட்டுப் போய்விடுவான், விமர்சனத்தைப் படிக்க மாட்டான் என்பது ஆசிரியர் பார்த்தசாரதியின் கொள்கை. அவர் கல்பாக்கத்தில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தின் ஸ்டோர்ஸ் பிரிவில் அதிகாரி. ஒரு திருகாணியை வெளியே கொடுப்பதற்கே மூன்று பிரதிகளில் கையெழுத்து வாங்கிப் பழகியவர். இலக்கியத்திலும் எதையும் ஒரு தடவை மட்டும் சொல்லி விட்டுவிட மாட்டார்.

இதழுக்கு ஆதாரம் ஒரு கோட்பாடு. பெயர் ‘மௌனத் தாவல்’. ‘பாழுங்கிணற்றில் நல்லமுத்து’ என்ற பழைய காமிக்ஸ் ஒன்றைத் தாம்பரம் நடைபாதைக் கடையில் பார்த்தசாரதி வாங்கியிருந்தார். அதில் ஒரு பக்கத்தின் கடைசிக் கட்டத்தில் துப்பறியும் நல்லமுத்து அறுபது அடிக் கிணற்றில் விழுகிறான். எதிர்ப் பக்கத்தில் போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்து டீ குடிக்கிறான். எப்படி மேலே வந்தான் என்பதற்கு ஒரு வார்த்தை இல்லை. பார்த்தசாரதிக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ‘இங்கே ஓவியன் மௌனமாகிறான், வாசகனே நாயகனை மேலே தூக்குகிறான்’ என்று எழுதினார். அதை விளக்கி ஒரு கட்டுரை, விளக்கத்தை விளக்கி ஒரு தொடர், தொடருக்கு எதிர்வினை, எதிர்வினைக்கு மறுப்பு என்று நாற்பத்து நான்கு இதழ்கள் வந்துவிட்டன. நல்லமுத்து இன்னும் டீயைக் குடித்து முடிக்கவில்லை.

எதிர்வினை எழுதிய வாசகர்கள் இருவர். நெம்மேலி நாவரசு, கோட்பாட்டைத் தலையில் தூக்கிவைத்து ஆடுகிறவர். முட்டுக்காடு மாறன், அதைக் கிழித்துத் தோரணம் கட்டுகிறவர். இதில் நாவரசு என்பது பார்த்தசாரதியேதான். இன்லண்டு லெட்டரில் இடது கையால் எழுதி, ஆபீஸ் விட்டதும் பஸ் ஏறி நெம்மேலியில் இறங்கி, அந்த ஊர் முத்திரை விழவேண்டும் என்பதற்காக அங்கேயே தபால் பெட்டியில் போட்டுவிட்டு வருவார். மாறன் என்பது துணை ஆசிரியர் வாசுதேவன். செங்கல்பட்டு ஜங்ஷனில் முன்பதிவு கவுன்ட்டரில் இருப்பவர். அவரும் லீவு நாளில் முட்டுக்காடு வரை போய், படகுத் துறைக்கு எதிரே இருந்த பெட்டியில் போட்டுவிட்டு வருவார். ஒருவர் செய்வது மற்றவருக்குத் தெரியாது. மாறன் என்று நிஜமாக ஒருவர் இருக்கிறார் என்று பார்த்தசாரதி நம்பினார். நாவரசு இருக்கிறார் என்று வாசுதேவன் நம்பினார்.

சந்தாதாரர்கள் நூற்றுப் பன்னிரண்டு பேர். பெரும்பாலும் ஸ்டோர்ஸில் தப்பிக்க முடியாத நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தவர்கள். அவர்கள் படிக்கிறார்களா என்று பார்த்தசாரதி கேட்டதில்லை. கேட்கப் பயம். முன்பின் தெரியாத ஒரே ஒரு ஆள், மாறன், படிக்கிறாரே என்ற தெம்பில்தான் அவர் அடுத்த இதழை அச்சுக்குக் கொடுப்பார். அந்த ஒருவரும் இல்லையென்றால் இது என்ன என்ற கேள்வி அவருக்குக் குளிக்கும்போது மட்டும் வரும்.

2001-ல் இதழை இன்டர்நெட்டில் ஏற்றுவது என்று முடிவானது. பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் நாலு கம்ப்யூட்டரோடு பிரவுசிங் சென்டர் வைத்திருந்த ஞானதாஸும் அவன் மனைவி ரூத்தும் வேலையை ஏற்றுக்கொண்டார்கள். நாற்பத்து நான்கு இதழ்களையும் ரூத் டைப் அடித்தாள். ஐந்து மாதம் ஆயிற்று.

“அடியில ஒரு நம்பர் வெக்கறேன் சார்,” என்றான் ஞானதாஸ். “எத்தினி பேரு வந்து பாத்தாங்கன்னு அது பாட்டுக்கு ஓடிகினே இருக்கும்.”

பார்த்தசாரதியின் முகம் மாறியது. “கரெக்டா சொல்லுமா?”

“மிஷினு சார். உங்க மனசு நோவக்கூடாதுன்னு பாக்கறதுக்கு அது இன்னா உங்க ஆபீஸ் ஆளா?”

ரூத்துக்கு வேறு கவலை. “சார், பாக்கறவங்க கம்ப்யூட்டர்ல நம்ம எழுத்து இருக்காது. எறக்கிக்கணும். எப்டி எறக்கறதுன்னு மொத பக்கத்துல இங்கிலீஷ்ல போட்டுறலாமா?”

“இங்கிலீஷா? ஒரு தமிழ் விமர்சன இதழோட வாசல்லயா?”

பார்த்தசாரதி ‘எழுத்துருவைத் தரவிறக்கும் நெறிமுறை’ என்று நான்கு பக்கம் தூய தமிழில் எழுதிக் கொடுத்தார். அது அதே எழுத்துருவில் ஏற்றப்பட்டது. எழுத்துரு இல்லாதவர்கள் திறந்தால் மைப்புட்டியில் விழுந்த எறும்பு நடந்துபோன மாதிரி இருக்கும். இருப்பவர்களுக்குக் குறிப்பே தேவையில்லை.

“இத்த படிக்கறதுக்கே அந்த எழுத்து வேணுமே சார்?”

“வாசகன் கொஞ்சம் உழைக்கணும்மா.”

வெளியீட்டு விழாவை மாமல்லபுரத்தில்தான் வைக்கவேண்டும் என்றார். உலகின் முதல் காமிக்ஸ் கட்டம் அங்கே பாறையில் செதுக்கப்பட்டிருக்கிறது என்பது அவருடைய இருபத்தேழாவது இதழ்க் கட்டுரை. பாறையில் டெலிபோன் இணைப்பு இல்லாததால், கடற்கரைக்குப் போகும் வழியில் ஒரு லாட்ஜின் சாப்பாட்டு அறை பிடிக்கப்பட்டது. ஞானதாஸ் கம்ப்யூட்டரை லோடு ஆட்டோவில் போர்வை சுற்றிக் கொண்டுவந்து இறக்கி, ரிசப்ஷன் போனிலிருந்து ஒயர் இழுத்தான்.

அழைப்பிதழில் ‘சொடுக்கித் தொடங்கி வைப்போர்: வாசகப் பெருந்தகைகள் நெம்மேலி நாவரசு, முட்டுக்காடு மாறன்’ என்று இருந்தது. நாவரசுவைக் கூப்பிட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவர் வாசுதேவன். மாறன் இல்லாமல் விழாவே இல்லை என்றவர் பார்த்தசாரதி. என் ஆளுக்கு ஜுரம் என்று சொல்லிவிடலாம், அவர் ஆள் வந்துவிடுவார் என்று இருவருமே கணக்குப் போட்டிருந்தார்கள்.

காலை பத்து மணிக்கு விழா. பதினொன்றரை வரை மேடையில் இரண்டு நாற்காலிகள் காலியாக இருந்தன. ஸ்டோர்ஸ்காரர்கள் பதினான்கு பேர் சாம்பார் வாசனை வரும் திசையில் திரும்பி உட்கார்ந்திருந்தார்கள். பார்த்தசாரதி மைக்கைப் பிடித்தார்.

“நண்பர்களே, வருத்தமான செய்தி. நாவரசு அவர்களுக்குக் கடும் ஜுரம். ஆனால் மாறன்...”

“சார்,” என்று வாசுதேவன் எழுந்தார். “மாறனுக்கும் ஜுரம் சார். இப்பத்தான் தகவல் வந்தது.”

பார்த்தசாரதி மைக்கை மூடாமலே கேட்டார். “மாறனுக்கு ஜுரம்னு ஒனக்கு எப்படிய்யா தெரியும்?”

“நாவரசுக்கு ஜுரம்னு ஒங்களுக்கு எப்படி சார் தெரியும்?”

முன் வரிசையில் இருந்த பார்த்தசாரதியின் மனைவி அமிர்தவல்லி பக்கத்தில் இருந்தவளிடம் தாராளமான குரலில் சொன்னாள்: “ரெண்டு பேருக்கும் ஒரே ஜுரம்தான். பதினோரு வருஷமா எறங்கல.”

மேடையில் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பார்த்தசாரதிக்கு விஷயம் புரிந்தது. தன்னை அறுபது கடிதங்களில் ‘மண்டைக்கனம் பிடித்தவர்’ என்று திட்டிய அந்த அருமையான மனிதர் உலகத்தில் இல்லை.

“சார், லைன் கட்டாயிரும், சட்டுனு அமுக்குங்க,” என்று ஞானதாஸ் கத்தினான். யாரும் நகரவில்லை. ரிசப்ஷனில் எவரோ ரிசீவரை எடுத்தார்கள்; லைன் போயிற்று. மறுபடி வந்தபோது ரூத்தே உட்கார்ந்து அமுக்கினாள். அடியில் எண் ‘1’ என்று வந்தது. ஸ்டோர்ஸ்காரர்கள் கைதட்டிவிட்டு இலைக்குப் போனார்கள்.

அதற்குப் பிறகு பத்து நாள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. பார்த்தசாரதி தினமும் பிரவுசிங் சென்டருக்கு வந்து எண்ணைப் பார்ப்பார். இருபத்து மூன்று. அதில் இருபத்திரண்டு அவர் பார்த்தது. பதினோராம் நாள், வாசகர்கள் கருத்து எழுத ஞானதாஸ் தளத்தில் வைத்திருந்த வருகைப் புத்தகத்தில் ஒரு கடிதம் இருந்தது.

‘ஐயா, நாற்பத்து நான்கு இதழ்களையும் படித்தேன். உங்கள் நல்லமுத்து புத்தகத்தில் நடுத்தாள் இல்லை என்று நினைக்கிறேன். ஸ்டேப்ளர் பின் கழன்று தாள் விழுந்திருக்கும். அந்தப் புத்தகத்தில் பக்க எண் கிடையாது, அதனால் உங்களுக்குத் தெரியவில்லை. எங்கள் வீட்டுப் பிரதியில் அந்த நான்கு பக்கமும் இருக்கிறது. தண்ணீர் இறைக்க வந்த ஒரு அம்மா கயிறு போட்டு நல்லமுத்துவைத் தூக்குகிறார். குடிக்கிற தண்ணீரைக் கலக்கிவிட்டாயே என்று திட்டுகிறார். அப்புறம்தான் டீ. இப்படிக்கு, ரூத், செங்கல்பட்டு.’

பார்த்தசாரதி அடித்துப் பிடித்துக்கொண்டு ஜங்ஷனுக்குப் போனார். முன்பதிவு வரிசையில் நின்று, கவுன்ட்டரை அடைந்து, கம்பிக்குள் முகத்தை வைத்தார்.

“மாறன் செத்ததும் பொம்பளை பேர்ல ஆரம்பிச்சுட்டியா, வாசு?”

“நான் இல்ல சார்! காலையில போய்ப் படிச்சேன். நீங்கதான் ஒங்களுக்கே எழுதிக்கிட்டீங்கன்னு நெனச்சேன்.”

“என் கோட்பாட்டை நானே இடிச்சுப்பேனா?”

“ஒரு வெளம்பரத்துக்குன்னு...”

“அண்ணாத்த,” என்றார் பின்னால் நின்றவர், “மதுரைக்கு டிக்கெட் கீதா இல்லியா, அத்த மொதல்ல சொல்லு.”

வாசுதேவன் கவுன்ட்டரை மூடிவிட்டு வந்தார். இருவரும் சேர்ந்து பிரவுசிங் சென்டரில் ரூத்தின் முன்னால் போய் நின்றார்கள்.

“நானு எழுதனதுதான் சார். பேரு போட்டுத்தானே கீது?” என்றாள் அவள்.

“எங்க மனசு சங்கடப்படக்கூடாதுன்னு எழுதினியாம்மா?”

“அதுக்கு நல்லதா நாலு வார்த்த எழுதியிருக்க மாட்டேனா? இத்த பாருங்க.” மேஜை டிராயரிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து நடுவில் விரித்தாள். “எங்கப்பா பூபாலன் வெச்சிருந்தது. நீங்க படம் போட்டிருந்தீங்கன்னா மொத இதழ்லயே எவனாச்சும் சொல்லியிருப்பான்.”

பார்த்தசாரதி பார்த்தார். கயிறு இருந்தது. அந்த அம்மாள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு திட்டும் கட்டம் மட்டும் அரைப் பக்கம். நல்லமுத்து நனைந்த கோழி மாதிரி நின்றான். இரண்டு துருப்பிடித்த பின்களும் தாளை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தன. அவர் வெகுநேரம் அந்தப் பின்களையே பார்த்தார்.

பிறகு, அதைவிட முக்கியமான ஒன்று அவருக்கு உறைத்தது. “நாப்பத்து நாலையும் படிச்சியா நீ?”

“படிக்காம எப்டி சார் டைப் அடிக்கறது?”

“இல்ல, அது வேற, இது...”

“ஏழாவது நல்லா கீது சார். சிரிச்சிகினே அடிச்சேன். பதினெட்டு சுத்த பேஜாரு. முப்பத்தொண்ணுல சொன்னதையே முப்பத்து மூணுல திரும்பச் சொல்றீங்க. அந்த நாவரசு இன்னா, உங்களுக்கு ஜால்ரா தட்டறதே பொழப்பா அவருக்கு?”

ஏழாவது இதழ் நன்றாக இருக்கிறது என்று இதுவரை ஒருவர் சொன்னதில்லை. நாவரசுகூடச் சொன்னதில்லை.

“என்ன சார் பண்றது?” என்றார் வாசுதேவன் மெதுவாக. “தப்புதான்னு ஒரு வரி போட்டு முடிச்சுடலாமா?”

“முடிக்கறதா?” பார்த்தசாரதி பதறிப்போனார். ஒப்புக்கொண்டால் அந்தப் பெண் ‘சரி சார்’ என்று எழுந்து போய்விடுவாள். ஒரு கடிதத்தில் கிடைத்த வாசகி ஒரு வரியில் போவாள். அவர் ஒன்றாம் நம்பர் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, வருகைப் புத்தகத்தில் பதில் எழுத ஆரம்பித்தார். ரூத் குறிப்பிடும் நான்கு பக்கங்களும் இடைச்செருகல். கோடுகளின் தடிமன், அம்மாளின் புடவைக் கரை, வசையின் நடை மூன்றும் பிற்காலத்தைச் சேர்ந்தவை. மூலப் பிரதியில் நடுத்தாள் இருந்திருக்கவே முடியாது. இதற்கு ஒன்பது சான்றுகள்.

“சார், அது அச்சாபீஸ்ல பின் அடிச்சு வந்த பொஸ்தகம் சார்,” என்றார் வாசுதேவன்.

“நீ சும்மா இரு. வாசகர் கடிதத்துக்கு ஆசிரியர் பதில் சொல்றார்.”

ரூத் மூன்றாம் நம்பரில் அதைத் திறந்து படித்தாள். நான்காவது சான்றில் மூக்கு விடைத்தது. ஆறாவதில் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“இவரு இன்னா, எங்கூட்டுப் பொஸ்தகத்த டூப்ளிகேட்டுன்றாரு?” என்றாள் புருஷனிடம்.

“ரெண்டடி தள்ளித்தானே குந்தினுகீறாரு, அவராண்டயே கேளேன்,” என்றான் ஞானதாஸ். பிறகு பார்த்தசாரதியைப் பார்த்து, “நீங்களாச்சும் திரும்பி ஒரு வார்த்த பேசுங்க சார். பேசிக்கினா முடிஞ்சிரும்.”

“அதனாலதான்ப்பா,” என்று சொல்லிவிட்டு பார்த்தசாரதி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

மூன்றாம் நம்பரில் தட்டும் சத்தம் தொடங்கியது. ஒரு நிமிடம், ஐந்து நிமிடம், நிற்கவில்லை. நீளமான கடிதம் போலிருக்கிறது. பார்த்தசாரதி அலுவலகத்துக்கு போன் போட்டு மத்தியானம் வரமுடியாது, ஜுரம் என்றார். அப்புறம் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு காத்திருந்தார்.