கால் முன்னே வந்தவள்

ஆபரேஷன் தியேட்டர் வாசலில் விஜயகுமாரி தன் பாதங்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். பாழாய்ப்போன கால்கள். தாய் வயிற்றிலிருந்து தலைக்கு முன்னால் வெளியே வந்தவை. காலால் பிறந்தவள் மிதித்தால் முதுகுப் பிடிப்பு விட்டுவிடும் என்று நெட்டப்பாக்கத்தில் பாதி சனம் அவள் முன்னால் குப்புறப் படுத்திருக்கிறது. திங்கட்கிழமை புருஷன் குழந்தைவேலும் தீவனக் கம்பெனியில் மூட்டை ஏற்றிவிட்டு வந்து, "இடுப்பு புடிச்சிக்கிச்சி, ஒரு மெறி மெறிடி" என்று பாயில் விழுந்தான். மிதித்தாள். விடிந்தபோது அவன் வலது பாதம் தொங்கியது, மூத்திரம் கட்டிக்கொண்டது.

டாக்டரம்மா வெளியே வந்தார். "முதுகெலும்புக்கு நடுவுல இருக்கிற ஜவ்வு பிதுங்கி நரம்ப நசுக்கியிருந்தது. பின்பக்கமா தெறந்து அந்தத் துண்ட எடுத்துட்டோம். காலுக்கு உணர்ச்சி திரும்புமான்னு போகப்போகத்தான் தெரியும். எத்தன வருஷமா மூட்ட தூக்கறாரு?"

"பதினோரு வருஷம். நான்தாம்மா மெறிச்சி..."

"மிதிச்சிருக்கக் கூடாதுதான். ஆனா ஜவ்வு ஒரே நாள்ல கெடறதில்லம்மா. தூக்கித் தூக்கி ஏற்கெனவே நைஞ்சி போயிருந்தது."

முதல் வாக்கியத்துக்கு மேல் அவள் காதில் ஏறவில்லை.

சாயங்காலம் கம்பெனி சூப்பர்வைசர் அரங்கநாதன் ஆப்பிள் பையோடு வந்தார். லீவு சொல்லப் போன் செய்தபோதே, தான் மிதித்ததை அவரிடம் சொல்லி அழுதிருந்தாள்.

"நீ இன்னா வேணும்னா செஞ்ச? வூட்ல நடந்ததுன்னு ஒரு கையெழுத்துப் போடு. உனக்கும் மனசு லேசாவும்."

தாளில் எல்லாம் டைப் அடித்தே இருந்தது. செய்த பாவத்தை ஒப்புக்கொள்ளவாவது ஓர் இடம் கிடைத்ததே என்று, அவள் முழுப்பெயரையும் நிறுத்தி எழுதினாள்.

மறுநாள் குழந்தைவேல் வார்டில் கூரையைப் பார்த்தபடி மல்லாந்து கிடந்தான். "கம்பெனியிலேர்ந்து யாராச்சும் வந்தாங்களா?"

"அரங்கநாதன் சார் வந்தாரு."

"அவுருக்குத் தெரியும். லாரி நிக்குது, ரெண்டு ரெண்டா ஏத்துன்னாரு. நிமிர்றதுக்குள்ள முதுகுல டக்குன்னுச்சி. காலு மரத்து அங்கியே வுழுந்துட்டேன். அவுருதான் கை குடுத்துத் தூக்கி வுட்டாரு."

"எங்கிட்ட சொல்லவேயில்லியே..."

"பயந்துக்குவன்னுதான். வேலையில பட்ட அடின்னு எழுதினா கம்பெனிதான் பாக்கணும். அவுரு ஒரு வார்த்த சொன்னா போதும்."

விஜயகுமாரி கால்மாட்டுக்குப் போய், அவன் வலது பாதத்தை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"எங்கடி போயிட்ட?" என்றான் குழந்தைவேல்.