கடலோரத்துக்கு நாங்க

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு தட்டச்சுப் பிழையில் பிறந்தது. ‘நாம’ என்று அடிக்கப் போய் ‘நாங்க’ என்று விழுந்துவிட்டது. நான் எழுத நினைத்தது வேறு: ஓய்வு பெறப் போகும் ஒருவரும் அவர் மனைவியும் கடலோரத்தில் குடியேற இடம் தேடுகிற, லேசாகச் சிரிப்பு மூட்டும் கதை. முதல் வரிகூடத் தயாராக இருந்தது:

கடல் அன்றைக்கு நீலமாக

(வேண்டாம். அவள் இன்னும் அந்தக் கடலைப் பார்க்கவே இல்லை. கதை அவள் பக்கம் நிற்கப் போகிறது.)

2

அவர் லிஃப்ட் மெக்கானிக். மார்ச்சில் ஓய்வு. அவள் ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுப்பவள். எப்படிப்பட்ட கையிலும் முதல் குத்திலேயே நரம்பைப் பிடித்துவிடுவாள் என்பதால் நோயாளிகள் வைத்த பெயர் ‘ஒரே ஊசி’. கல்யாணமாகி முப்பத்தோரு வருடம்.

ஞாயிற்றுக்கிழமை மதியம். சாப்பாட்டு மேசை முழுக்க அவருடைய காகிதங்கள். இரண்டு தடவை தனியாகப் போய் மூன்று இடங்களைப் பார்த்து மதிப்பெண் போட்டு வைத்திருந்தார். துறைமுகத்துக்குப் பின்னால் ஓர் அடுக்குமாடி: அங்கே லிஃப்ட் கதவில் துரு, அதற்குமேல் அவர் எதையும் பார்க்கவில்லை. மீனவர் தெரு: மனிதர்கள் கலகலப்பு, மழைக்காலத்தில் தண்ணீர் வாசற்படி ஏறும். மூன்றாவது, மதில் சூழ்ந்த நாற்பது வீடுகள். அங்கே மனு போட வேண்டும், சங்கச் செயலாளர் போனில் பேசிப் பார்ப்பார், பிடித்தால்தான் சாவி. அதற்குத்தான் அதிக மதிப்பெண்.

அவள் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“மதில் வீடுதான் தோது. மார்ச் கடைசில நாங்க குடிபோயிடலாம்னு இருக்கோம்,” என்றார்.

3

பிழையைப் பார்த்ததும் திருத்தப் போனேன். அதற்குள் அவள் தட்டுகளைக் கீழே வைத்துவிட்டாள்.

“நாங்கன்னா யாரு?”

“யாரு... நாமதான்.”

“நாமன்னா நாமன்னு சொல்லணும். நாங்கன்னா அதுல நான் இல்ல.”

(தமிழில் எழுதுகிறவனுக்கு இப்படி ஒரு தொல்லை. கேட்கிற ஆளை உள்ளே விட்டுக் கதவைச் சாத்த ஒரு சொல், வெளியே நிறுத்திச் சாத்த ஒரு சொல். வேறு எத்தனையோ மொழிகளில் அவர் தப்பித்திருப்பார். நானும்தான்.)

4

சமாளிக்கலாம் என்று இரண்டு விளக்கங்கள் எழுதிப் பார்த்தேன். ஒன்று: ஒரு வாரமாகச் செயலாளரிடம் ‘நாங்க, நாங்க’ என்று பேசிப் பேசி வாய் பழகிவிட்டது. அவளுக்கு ஒப்பவில்லை. பெண்டாட்டியும் செயலாளரும் ஒன்றா? இன்னொன்று: அவர் வாய் தவறி

இங்கே கை நின்றுவிட்டது. அவள் காகிதங்களுக்கு அடியிலிருந்து மனுவை உருவிவிட்டாள். குடியேறுவோர்: இருவர். மனுதாரர். மனுதாரரின் தமக்கை.

சத்தியமாக அதை நான் அங்கே வைக்கவில்லை. அவருக்கு, கணவர் போன பிறகு தனியாக இருக்கும் அக்கா ஒருவர் உண்டு என்பதே எனக்கு இந்த இடத்தில்தான் தெரியும்.

5

“உங்கக்காவும் நீங்களும். அப்ப நான்?”

“நீதானே சொன்ன?”

“என்ன சொன்னேன்?”

“‘லேபை விட்டுட்டு நான் எங்கயும் வரல, நீங்க போங்க’ன்னு. மூணு வருஷம் முன்னாடி. இதே மேசைல.”

அவளுக்கும் நினைவு வந்தது. அன்றைக்கு இரண்டு ஷிஃப்ட் சேர்த்துப் பார்த்துவிட்டு, கால் வீங்கி வந்து உட்கார்ந்தவளிடம் கடற்காற்றின் மகிமையைப் பேசிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் ‘நீங்க போங்க’ என்றால் ‘சும்மா இருங்க’ என்று அர்த்தம். இவர் அதை முடிவாக எடுத்துக்கொண்டு மூன்று வருடம் மதிப்பெண் போட்டிருக்கிறார்.

“மாசத்துக்கு ரெண்டு தடவ நான் வந்து போறதா இருந்தேன்,” என்றார்.

“எதுக்கு? விருந்தாளியாவா?”

(இவரைக் கெட்டவராக ஆக்கினால் எனக்குச் சுலபம். இரண்டு பத்தி எழுதியும் பார்த்தேன். மனிதர் ஆகமாட்டேன் என்கிறார்.)

அவளுக்குக் கோபத்தைவிடக் குழப்பம்தான் அதிகம். கடலோரம் போக ஆசையா என்று அவளுக்கே தெரியாது. தன்னை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டிருக்கிறார்கள் என்பது மட்டும் நன்றாக வலித்தது.

6

போன் அடித்தது. செயலாளர்.

“சாயங்காலம் கமிட்டி உக்காருது சார். ரெண்டு பேர்தானே?”

“ஒரு நிமிஷம் சார்.” அவர் போனை உள்ளங்கையால் மூடினார். இதுவரை நான்கு வீடு மாறியிருக்கிறார்கள். நான்கு தடவையும் சாமானைக் கட்டச் சொன்னாரே தவிர, அவளைக் கேட்டதில்லை. இப்போது கேட்டார்.

“நீ வர்றியா?”

இதற்கு மூன்று முடிவுகள் எழுதினேன். வருகிறேன் என்கிறாள்: பயந்து சொன்ன மாதிரி இருக்கிறது. மாட்டேன் என்கிறாள்: வீம்புக்குச் சொன்ன மாதிரி. மனுவைக் கிழிக்கிறாள்: அது எனக்குக் கைதட்டல் வாங்கத்தான். சரி, முடிவை வாசகரிடமே விட்டுவிடுகிறேன் என்று ஒரு வரி எழுதி, அடித்துவிட்டேன். நீங்களும் நானும் உட்கார்ந்து பேசி முடித்தால், அவர் மூன்று வருடம் செய்ததைத்தான் இன்னொரு தடவை செய்ததாகும்.

செயலாளர் “ஹலோ, ஹலோ” என்கிறார். அவர் போனை இறுக்கிப் பிடித்தபடி அவள் முகத்தையே பார்க்கிறார். பார்க்கட்டும். அவள் யோசித்துச் சொல்லட்டும்.