மாத்திரை அட்டை நகரம்

1

இந்தக் கதை வந்த வழியைச் சொல்லிவிடுகிறேன்: ஒளித்து வைத்திருந்த ஒரு படத்தைப் பார்த்துத் தொலைத்தேன்.

அக்கா வரைந்தது. பீரோவுக்குப் பின்னால் சுவரைப் பார்த்தபடி இருந்தது. அவள் வீட்டுக் கூடம்தான்: கரித்துண்டில் சுவர், தேநீர்க் கறையில் தரை, பழைய புடவையை வெட்டி ஒட்டிய திரை. மாடி ஜன்னலுக்குக் கீழே விரிந்த ஊர் முழுக்க மாத்திரை அட்டைகளின் வெள்ளித்தாள். மூன்று வருஷத்து அட்டைகள். ஊர் பெரிதாகத்தான் இருந்தது.

கூடத்து நடுவில் கட்டில். அதில் மாமா இல்லை.

நிஜத்தில், மூன்று வருஷமாக அவர் அந்தக் கட்டிலை விட்டு இறங்கியதே இல்லை.

2

இந்தக் கதைக்கு நான் எழுதிய முதல் தொடக்கம்: "மாறாத அன்போடு அவள் தன் கணவரை..."

(அடித்துவிட்டேன். அன்பெல்லாம் இருந்தது, தூக்கம்தான் இல்லை.)

இரண்டாவது: "இவர் எப்போது போய்ச் சேருவார் என்று அவள்..."

(கை வரவில்லை.)

"ஏன்க்கா, மாமா எங்கே?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"முடியலடா. படத்துலயாவது அவரைப் புரட்டிப் படுக்க வைக்காம இருக்கலாம்னு பார்த்தேன். அவர் கண்ணுல மட்டும் பட்டுடக் கூடாது."

மாமாவுக்குப் பாம்புச் செவி. "என்ன குசுகுசுப்பு? படத்தைக் கொண்டாங்க, பார்ப்போம்."

3

(இங்கே கதை பதினோரு நாள் நின்றது. அக்காவைக் காப்பாற்ற, நான் எழுதிப் பார்த்த ஒரு முடிவில் படத்தின்மேல் மையைக் கொட்டினேன். இன்னொன்றில் மாமாவின் சட்டையை வெட்டிப் படத்திலிருந்த கட்டிலில் ஒட்டினேன். படித்துவிட்டு அக்கா சொன்னது: "அவர் சட்டைல கை வச்சே, கொன்னுடுவேன்.")

நடந்தது இதுதான். அவள் படத்தைக் கொண்டுபோய்க் காட்டினாள். மாமா வெகுநேரம் பார்த்தார்.

"அட, எந்திரிச்சுட்டேன் போலிருக்கே! எங்க போயிருக்கேன்?"

புரிந்துதான் அப்படிக் கேட்டாரா என்பது எனக்குத் தெரியாது. அக்கா அழுது தீர்த்தாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, படத்தை அவர் மார்பில் சாய்த்து வைத்து, மூன்று வருஷத்தில் முதல்முறையாகக் கட்டில் ஓரத்தில் சும்மா உட்கார்ந்தாள். இருவரும் வெள்ளித் தெருக்களில் அவரைத் தேட ஆரம்பித்தார்கள்.

"இந்தச் சந்துல பாரு."

"அங்க எதுக்குப் போனீங்க?"

4

எங்கே கண்டுபிடித்தார்கள் என்று நான் எழுதப்போவதில்லை. எனக்கும் அலுப்பு. நீங்களே போய்த் தேடிப் பாருங்கள். ஆள் கிடைத்தால் உடனே கூட்டிக்கொண்டு வந்துவிடாதீர்கள், அக்கா இன்னும் கொஞ்சம் உட்கார்ந்திருக்கட்டும்.