பாலில் போட்ட சில்லு

குழந்தை விழுந்த சத்தம் கேட்டபோது சித்தியின் இடுக்கியில் ஒரு செம்புப் பதக்கம் செக்கச்செவேலென்று கனன்றுகொண்டிருந்தது. கண்ணாடித் தூளைச் செம்பின் மேல் தூவி, சின்ன மின் உலையில் வைத்து உருக்கி, எனாமல் நகை செய்வது அவள் தொழில். வீட்டின் பின்னறைதான் பட்டறை. கையிலிருந்ததை அப்படியே கீழே போட வழியில்லை. கல்பலகையின் மேல் இறக்கிவைத்துவிட்டு ஓடினாள்.

விழுந்தது அக்காவின் மகள். ஒன்பது வயது. தூங்கும்போது மட்டும்தான் வாய் மூடியிருக்கும் என்பதால் வீட்டில் அவளுக்கு வாயாடி என்று பெயர். அக்காவுக்கு வெளிவேலை இருக்கும் நாட்களில் சித்தியிடம் விட்டுப்போவாள். குழாயடி ஈரத்தில் வழுக்கி, தூள் அலசுகிற, எனாமல் பூசிய பெரிய இரும்பு பேசினின் விளிம்பில் வாய் இடிக்க விழுந்திருந்தாள். உதடு கிழிந்து ரத்தம். மேல்வரிசை முன்பல் ஒன்றில் பாதியைக் காணோம். அழக்கூட முடியாமல் கண் பிதுங்க இருமினாள். சித்தி முதுகைத் தட்டினாள், தண்ணீர் புகட்டினாள். இருமல் அடங்கியது. பிறகுதான் அழுகை வந்தது. அழுகிறாளே என்று சித்திக்குப் போன உயிர் திரும்பியது.

தரை முழுக்கத் தேடியதில், பேசினுக்குப் பக்கத்தில் வெள்ளையாக ஒரு சில்லு கிடந்தது. உடைந்த பல்லைப் பாலில் போட்டு எடுத்துப்போனால் ஒட்டிவிடலாம் என்று எங்கோ கேட்டிருந்தாள். ஒரு சின்னக் கிண்ணத்தில் பால் ஊற்றிப் போட்டாள். அக்காவைப் போனில் கூப்பிட்டாள்.

"பல்லு கொஞ்சம் உடைஞ்சிருக்குக்கா. துண்டு கெடைச்சிருச்சு. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன். நீ பதறாம வா."

இருமலைப் பற்றிச் சொல்லவில்லை. அதுதான் நின்றுவிட்டதே.

பல் டாக்டர் அடுத்த தெருவில்தான். நடுத்தர வயதுப் பெண், நிதானமான கை. உதட்டைத் துடைத்து, விளக்கை இழுத்துப் பார்த்தார். "நரம்பு வரைக்கும் போகல. துண்டு இருந்தா இன்னிக்கே ஒட்டிடலாம்" என்றார். கிண்ணத்திலிருந்து சில்லை எடுத்துப் பல்லோடு வைத்துப் பார்த்தார். திருப்பி வைத்துப் பார்த்தார். மறுபடியும்.

"பொருந்த மாட்டேங்குதே" என்று விளக்குக்கு நேரே பிடித்தார். "பல்லோட எனாமல்னா ஓரத்துல லேசா வெளிச்சம் தெரியும். அடிப்பக்கம் மஞ்சளா இருக்கும். இது என்ன இப்படி இருக்கு?"

சித்தி எழுந்துபோய்ப் பார்த்தாள். ஒரு பக்கம் பால் வெள்ளை. மறுபக்கம் கருநீலம். இரும்பின் மேல் எனாமல் நன்றாகப் பிடிக்க முதலில் பூசுகிற அடிப்பூச்சு அது. தினமும் அந்தச் சரக்கோடுதான் மாரடிக்கிறாள். அவசரத்தில் திருப்பிக்கூடப் பார்க்காமல் பாலில் போட்டிருக்கிறாள்.

"டாக்டர், இது பல்லில்ல. பேசின்ல இருந்து தெறிச்சது."

டாக்டர் சில்லைச் சட்டென்று தட்டில் வைத்தார். குரல் மட்டும் மாறவில்லை. "அப்ப பல்லுத் துண்டு எங்க?"

"தரையில வேற ஒண்ணும் இல்ல. நல்லா தேடினேன்."

"விழுந்தப்ப இருமினாளா?"

"இருமினா. மூச்சு விட முடியாம. அப்புறம் நின்னுருச்சு."

"நின்னுட்டா வெளிய வந்துருச்சுன்னு அர்த்தம் இல்லம்மா." டாக்டர் கிழிந்த உதட்டுக்குள் சிக்கியிருக்கிறதா என்று சின்ன எக்ஸ்ரே எடுத்தார். உதட்டில் எதுவும் இல்லை. "வயித்துக்குள்ள போயிருந்தா கவலையில்ல, தானா வெளிய வந்துரும். மூச்சுக்குழாய்க்குள்ள போயிருந்தா நாம சும்மா இருக்கக் கூடாது. நான் ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணிடறேன். நேரா உக்காரவச்சுக் கூட்டிட்டுப் போங்க. ஓட விடாதீங்க, அழ விடாதீங்க, சாப்பிட ஒண்ணும் குடுக்காதீங்க. முக்கியமா, சிரிக்க வைக்காதீங்க."

டாக்சியில் அதுதான் பெரும்பாடாக இருந்தது. வாயாடிக்கு வலி குறைந்திருந்தது. பல் போன இடத்தில் காற்று விசிலடிப்பதைக் கண்டுபிடித்திருந்தாள். "சித்தி" என்று சொல்லிப் பார்த்தாள். விசில் வந்தது. கண்கள் மின்ன மறுபடியும் சொன்னாள்.

"பேசாம வாடி."

"சும்மா சொன்னேன், சித்தி. ச்சி, ச்சீ, சித்..." அவளுக்கே சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. சிரிப்பு இருமலாக மாறியது. அந்த இருமலோடு கூடவே ஒரு சன்னமான கீச்சொலி. முதலில் அது பல்லிடுக்கு விசில் என்றே சித்தி நினைத்தாள். குழந்தை வாயை மூடியிருந்தபோதும் அது கேட்டது. மார்பில் காது வைத்தாள். சத்தம் உள்ளேயிருந்து வந்தது.

"அண்ணே, சீக்கிரம் போங்க." டிரைவர் கண்ணாடியில் பார்த்தார். ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை.

குழந்தையின் முகத்தில் விளையாட்டு வற்றிப்போயிருந்தது. சித்தியின் புடவையைக் கசக்கிப் பிடித்துக்கொண்டு, கடைசி வரை ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் பேசாமலிருந்ததுதான் சித்தியைப் பயமுறுத்தியது.

மார்பு எக்ஸ்ரேயில் வலது மூச்சுக்குழாயில் துவரம்பருப்பு போல ஒரு வெள்ளைப் பொட்டு தெரிந்தது. மயக்க மருந்து கொடுத்து, குழாய் விட்டு எடுக்க வேண்டும் என்றார்கள். "விட்டா நழுவி இன்னும் கீழ போக வாய்ப்பிருக்கு. அதனால இப்பவே பண்றோம்" என்றார் பெரிய டாக்டர். பல் டாக்டரிடம் விவரம் கேட்டுக்கொண்டு அக்கா வந்து சேர்ந்தபோது குழந்தையைத் தள்ளுவண்டியில் ஏற்றியிருந்தார்கள். மகளின் கன்னத்தைத் தொட மட்டும்தான் அவளுக்கு நேரமிருந்தது. கதவு மூடியது.

அக்கா பெஞ்சில் உட்காரவில்லை.

"இருமினான்னு ஏன் போன்ல சொல்லல?"

"நின்னுருச்சேன்னு..."

"உனக்கு நின்னுருச்சு. அவளுக்கு நின்னுச்சா?"

சித்தி சுவரோடு சுவராக நின்றாள். ஒருமுறை உள்ளேயிருந்து நர்ஸ் ஒருத்தி வேகமாக வெளியே வந்து, வேறொரு கருவியை எடுத்துக்கொண்டு திரும்பி ஓடினாள். இருவரும் ஒரே நேரத்தில் கதவை நோக்கி நகர்ந்தார்கள். யார் யாருடைய கையைப் பிடித்தது என்று தெரியவில்லை. கதவு மறுபடி திறக்கும் வரை பிடி தளரவில்லை.

பெரிய டாக்டர் முகமூடியை இறக்கினார். "வந்துருச்சு. மொதல் தடவ நழுவுச்சு, ரெண்டாவது தடவ பிடிச்சுட்டோம். மூச்சு சீராயிருக்கு." மூடி போட்ட சின்ன டப்பாவை நீட்டினார். உள்ளே அந்தத் துண்டு. அடிப்பக்கம் மஞ்சளாக இருக்கிறதா என்று சித்தி திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இருந்தது. அப்போதுதான் பெஞ்சில் சரிந்து அழுதாள். அக்கா பக்கத்தில் உட்கார்ந்தாள். ஆனால் நடுவில் ஓர் ஆள் இடம் விட்டிருந்தாள்.

அடுத்த வாரம் பல் டாக்டர் அந்தத் துண்டையே ஒட்டிக் கொடுத்தார். உற்றுப் பார்த்தால்தான் மயிரிழை போல ஒரு கோடு தெரியும். அன்றைக்கு அக்காவே போன் செய்து சித்தியை வரச் சொல்லியிருந்தாள். வெளியே வந்ததும் வாயாடி நடுவில் புகுந்து, மயக்கத்தில் என்ன கனவு கண்டாள் என்பதை மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டே நடந்தாள். எதிர்பாராத இடத்தில் சித்தி சிரித்துவிட்டாள். அக்காவும்.

சிரித்த முகத்தை அக்கா சட்டென்று கடுமையாக்கப் பார்த்தாள். முடியவில்லை. "உன்கூட கொஞ்ச நாள் பேசவே கூடாதுன்னு இருந்தேன்" என்றாள். "இவ எங்க விடறா."